வளைவு வருது, ஜாக்கிரதை!

‘பெண்கள் பத்திரிகையில் கார் ரேஸுக்கு என்ன வேலை?’ என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறதா? அதை ஓட்டுகிற கணவரோ, பிள்ளையோ, தம்பியோ, அல்லது நீங்களேயோ இருக்கிறீர்களா? பள்ளிக்கூட லீவு விட்டதும் ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலை என்று கைக்குழந்தையோடு கிளம்புகிற வழக்கம் உண்டா? அப்படியானால் இது நம் சமாசாரம்தான்.

முன்பெல்லாம் ரேஸ் என்றால் பெரிய இடத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஒரு ட்ராக் வந்தது. எங்கள் கோயமுத்தூருக்கும் செட்டிபாளையத்தில் ஒன்று உண்டு. பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டி, 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் அவர்களின் நினைவாக அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோவைப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனாரே, அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? இங்கே சைக்கிள் ஓட்டுகிற பொடியன்கூட வாயாலேயே கியர் மாற்றிக்கொண்டுதான் போகிறான்.

இப்போது விஷயம் இன்னும் கிட்டே வந்துவிட்டது. காய்கறி வாங்கப் போகிற அதே காரை, கட்டணம் கட்டி ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கலாம். ‘ட்ராக் டே’ என்கிறார்கள். பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. எதிரே வண்டி வராத, மாடு குறுக்கே வராத ரோட்டில் நம் காரால் என்ன முடியும் என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

எங்கள் பெரியவனுக்கு வயது 22. முதல் வேலை, முதல் சம்பளம். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பாரத்தை நீட்டினான்.

“அம்மா, ஒரு கையெழுத்து.”

காரின் ஆர்.சி. புக்கில் இருப்பது என் பெயர். அதனால்தான் இந்தப் பணிவு. வாங்கிப் படித்தேன். காருக்கு எது நேர்ந்தாலும், ஓட்டுபவருக்கு எது நேர்ந்தாலும் நடத்துபவர்கள் பொறுப்பல்ல என்று பத்தி பத்தியாக அச்சடித்திருந்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “போகட்டும் விடு. அவிநாசி ரோட்டுல பறக்கறதுக்கு அங்கே போய்ப் பறக்கட்டும்” என்றார். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் 2019-ல் திருத்திய சட்டப்படி முதல் தடவையே 5000 ரூபாய் வரை அபராதமும் ஜெயிலும் உண்டு. சட்டம் கிடக்கட்டும், எதிரே மொபெட்டில் வருகிறவர் என்ன பாவம் செய்தார்?

“சரி கண்ணு, கையெழுத்துப் போடறேன். நானும் வருவேன்.”

“அம்மா! அங்கே யாரும் அம்மாவைக் கூட்டிட்டு வர மாட்டாங்க!”

“அப்போ காரும் வராது.”

வந்தேன். எந்த ட்ராக் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு தூக்குச் சட்டி புளிசாதமும், தயிர்சாதமும், ஒரு குடுவை நீர்மோருமாக, அந்தத் தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். மொத்தம் இருபது கார் இருக்கும். என்னைத் தவிர ஒரே ஒரு பெண். கையில் எட்டு மாதக் குழந்தை. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஐம்பது வயதை நெருங்குகிற மனிதர். அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டியவர். மீசையை முறுக்குவார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி மெதுவாகப் பேசினார். முதல் உத்தரவே எனக்குப் பிடித்துவிட்டது. “காருக்குள்ளே இருக்கறதெல்லாம் வெளியே எடுங்க.” தண்ணீர் பாட்டில், குடை, கால்மிதி, ஜாக்கி, சில்லறைக் காசு, டேஷ்போர்டுப் பிள்ளையார் வரை இறக்கச் சொன்னார். ஒரு காரிலிருந்து முழுத் தேங்காய் ஒன்று வந்தது! வளைவில் உருண்டு போய் பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஒரு பாட்டில் போதும், பிரேக் இறங்காது. இது ட்ராக்குக்கு மட்டுமா? நம் கார்களில் குழந்தையின் கிலுகிலுப்பையும் பால் புட்டியும் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டுதானே இருக்கின்றன?

அடுத்தது கொடிகள். மஞ்சள் காட்டினால் முன்னே ஏதோ ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னாலே வேகமான வண்டி வருகிறது, வழிவிடு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது முடிந்தது என்பதற்கு அடையாளம்.

அதன் பிறகு உட்காருகிற விதம். இதை மட்டும் சகோதரிகள் அவசியம் கவனிக்க வேண்டும். முதுகு சீட்டில் முழுக்கப் பதிந்திருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்சைத் தரைவரை அழுத்தினாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்குமே, அந்த இடங்களில் கைகள். நம்மில் உயரம் குறைந்தவர்கள் ரோடு தெரியவில்லை என்று ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்காருகிறோம். அது கூடாது. ஏர்பேக் விரிகிற வேகத்துக்கு, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சீட்டை உயர்த்துகிற வசதி பெரும்பாலான கார்களில் இருக்கிறது. பாதிப் பேர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் மடியில் அடங்கி இருக்கட்டும். நழுவுகிற செருப்பு வேண்டவே வேண்டாம்.

உள்ளங்கை அளவுதான் பிடிமானம்

“ஒரு டயர் ரோட்டைத் தொடற இடம் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார் அவர்.

பையன்கள் இவ்வளவு அவ்வளவு என்று கையை விரித்தார்கள். அவர் தம் உள்ளங்கையைக் காட்டினார். நான்கு டயருக்கும் நான்கு உள்ளங்கை. ஆயிரம் கிலோ காரும், அதற்குள்ளே நம் குடும்பமும் அந்த நாலு கையகல ரப்பரை நம்பித்தான் ஓடுகின்றன!

அந்த ரப்பரால் செய்ய முடிந்தது மூன்றே வேலை: வேகத்தைக் கூட்டும், குறைக்கும், வண்டியைத் திருப்பும். மூன்றுக்கும் சேர்த்து அதனிடம் ஒரே ஒரு கையிருப்புதான் உண்டு. பிரேக்கில் முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இராது. எனக்கு இது உடனே புரிந்தது. “மாசச் சம்பளம் மாதிரி சொல்லுங்க தம்பி. மளிகைக்கே எல்லாத்தையும் கொடுத்துட்டா பால்காரருக்குக் கொடுக்கறதுக்கு எங்கே போறது?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். மத்தியானம் அடுத்த கும்பலுக்குப் பாடம் நடத்தும்போது பால்காரர் அங்கேயும் வந்தார்!

வேகம் சமாசாரம் இன்னும் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கானால் காருக்குள் இருக்கிற ஆற்றல் நான்கு மடங்காகிறது. வளைவிலும் அதே கணக்குத்தான். எங்கள் பையன் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு, காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் சாதாரணக் கார் சுமார் 70 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் அதே வளைவில் 55-க்கே நழுவ ஆரம்பிக்கலாம். 75-ல் போனால்? ‘அஞ்சு கிலோமீட்டர்தானே’ என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் கார் போடக்கூடிய வட்டமே சுமார் 57 மீட்டர் ஆரமாகிவிடுகிறது. ரோடு வளைகிற அளவுக்கு வண்டி வளையாது. பாக்கி எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலை முழுக்க நான் ஒரு வளைவுக்கு எதிரே வேலிக்கு இந்தப் புறம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எனக்கே தப்பு எங்கே என்று தெரிய ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் தப்பு, பிரேக்கைத் தாமதமாகப் போடுவது. நேர் ரோட்டில் வேகமாக வந்து, வளைவு ஆரம்பித்த பிறகு ‘ஐயோ’ என்று பிரேக்கை மிதிப்பது. வேகத்தைக் குறைக்கிற வேலை நேர் ரோட்டிலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது ‘இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாமே’ என்று தோன்றினால் அதுதான் சரியான வேகமாம்.

இரண்டாவது, அவசரப்பட்டுச் சீக்கிரமே திருப்புவது. வலது வளைவு என்றால் ட்ராக்கின் இடது ஓரத்திலிருந்து வந்து, வளைவின் உள் முனையைத் தொட்டு, மறுபடியும் இடது ஓரத்துக்கு விலகிப் போவதுதான் வழி. உள் முனையை வளைவு பாதி தாண்டிய பிறகே தொட வேண்டும். புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை. ரோடு வளைகிற மாதிரி தெரிந்ததுமே திருப்பி, உள் ஓரத்தை முன்னாலேயே தொட்டுவிடுகிறார்கள். அந்த நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியின் மூக்கு வெளிப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்; வளைவோ இன்னும் பாதி பாக்கி இருக்கும். வெளியே வரும்போது ரோடு தீர்ந்துவிடும். காலையில் மண்ணில் இறங்கிய நாலு கார்களில் மூன்று இப்படி இறங்கியவைதான்.

மூன்றாவது, கண். பயந்தவன் எதைப் பார்த்துப் பயப்படுகிறானோ அதையே வெறித்துப் பார்க்கிறான்; கையும் அந்தப் பக்கமே போகிறது. டயர் அடுக்கைப் பார்த்தால் டயர் அடுக்கில்தான் போய் நிற்கும். நாம் கோலம் போடும்போது விரலிலிருந்து விழுகிற மாவையா பார்க்கிறோம்? அடுத்த புள்ளியைப் பார்க்கிறோம். கோடு தானாக அங்கே போய்ச் சேருகிறது. அப்படித்தான் போக வேண்டிய இடத்தில் கண் இருக்க வேண்டும்.

அந்தச் சின்னப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. “உங்க பையனுங்களா அக்கா? எங்க வீட்டுக்காரரு அந்த வெள்ளைக் காருங்க” என்று காட்டினாள். வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகிறதாம். ஐந்து வருஷ லோன். புருஷனுக்குக் காரென்றால் உயிராம். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு.

அது அன்றைய மூன்றாவது ஓட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் ஒரு சிநேகிதரின் கார். பின்னால் இந்த வெள்ளைக் கார். போட்டி இல்லை என்று காலையில் சொன்னதெல்லாம் இருவருக்கும் மறந்துபோய்விட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. எங்கள் எதிரே இருந்த வளைவுக்கு அது வந்த வேகம் அதுவரை நான் பார்க்காத வேகம். உள்ளே நுழைந்தது, சட்டென்று பின்பக்கம் வெளியே வீசியது, ஒரு கணம் நேரானது போல் இருந்தது, அடுத்த கணம் மறுபக்கமாகச் சுழன்று புழுதிக்குள் போய்விட்டது. ‘தொம்’ என்று ஒரு சத்தம். புழுதி அடங்கும்வரை ஒன்றுமே தெரியவில்லை.

“அக்கா... அது எங்க காருதானுங்க...”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. சிவப்புக் கொடி காட்டினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது. அந்த இரண்டு நிமிஷம் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது ஐஸ் மாதிரி இருந்தது.

கடவுள் புண்ணியம். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் இருந்ததால் அந்தப் பையன் கழுத்தைத் தடவிக்கொண்டே தானாக இறங்கி நடந்து வந்தான். ஆனால் கார்? பின்பக்கம் ஒரு மூலை நசுங்கி, சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

அப்புறம்தான் இரண்டாவது இடி. இன்ஷூரன்ஸ்காரருக்கு போன் போட்டார்கள். ‘ட்ராக்குலயா? அப்படின்னா கிளெய்ம் கிடையாதுங்க’ என்றுவிட்டார். வாசகிகளே, இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் சாதாரண மோட்டார் பாலிசியில், பந்தயத்துக்கும் வேகப் பரிசோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் ஈடு கிடையாது என்று எழுதியே இருக்கிறது. ‘பந்தயம் இல்லை, ட்ராக் டேதான்’ என்று நாம் சொல்லலாம். கம்பெனி ஒப்புக்கொள்ளும் என்று நம்பி இறங்க முடியாது. போவதற்கு முன்பே பாலிசியை எடுத்துப் படித்து, கம்பெனியில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “பாப்பாவுக்குக் காது குத்தறதுக்கு வெச்சிருந்த பணமுங்க அக்கா. இனி அதுதான்.” புருஷனிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டான். நான் மோரை ஊற்றி இருவருக்கும் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

தப்பு எங்கே நடந்தது?

வாத்தியார் எல்லாரையும் அந்த வளைவுக்கே கூட்டிப் போனார். நானும் போனேன். டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள் ரோட்டில் பளிச்சென்று இருந்தன. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டார்.

“எல்லாரும் இடிச்ச இடத்தைப் பாக்கறீங்க. தப்பு அங்கே இல்லைங்க, இங்கே” என்று வளைவுக்கு வெகு முன்னால், நேர் ரோட்டைக் காட்டினார். பிரேக் போட வேண்டிய இடத்தில் போடவில்லை. அதனால் வேகம் கூடுதல். வேகம் கூடுதலாக இருந்ததால் முன் டயர்கள் நழுவி, ஸ்டியரிங் திருப்பியும் கார் நேராகவே போகப் பார்த்தது. அப்போது எல்லாரும் செய்கிறதையே அவனும் செய்தான்: இன்னும் அதிகமாகத் திருப்பினான். பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தும்விட்டான்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புதுசு. காலை எடுத்தால் வேகம் குறையும், நல்லதுதானே என்றுதான் தோன்றும். ஆனால் காலை எடுத்தவுடன் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. பஸ்ஸில் பிரேக் போட்டதும் நாம் முன்னே சாய்வோமே, அதே மாதிரி. முன் டயருக்குப் பாரம் கூடிப் பிடிப்பு வந்துவிடுகிறது. பின் டயருக்குப் பாரம் குறைந்து பிடிப்பு போய்விடுகிறது. ஸ்டியரிங்கோ ஏற்கனவே நிறையத் திரும்பியிருக்கிறது. பின்பக்கம் வீசாமல் என்ன செய்யும்?

வீசியதும் அவன் எதிர்ப்பக்கம் திருப்பினான். அது சரிதான். ஆனால் வண்டி நேரானதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். அவன் பிடித்தபடியே இருந்தான். அதனால்தான் மறுபக்கம் இன்னும் பலமாகச் சுழன்றது.

“அப்போ என்னதான் செய்யணும் சார்?” என்று எங்கள் பையன் கேட்டான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முன்பக்கம் நழுவினால் மேலும் திருப்பாதே. ஆக்ஸிலரேட்டரை மெள்ளத் தளர்த்து, ஸ்டியரிங்கையும் சற்றுத் தளர்த்து, டயர் மறுபடி பிடிக்கும்வரை பொறு. பின்பக்கம் வீசினால் போக வேண்டிய பக்கம் பார், அந்தப் பக்கம் திருப்பு, நேராகும்போது கூடவே திருப்பிக் கொண்டுவா. எல்லாம் கைமீறிச் சுற்றவே ஆரம்பித்துவிட்டால் பிரேக்கையும் கிளட்சையும் முழுசாக அழுத்திப் பிடித்துக்கொள். ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று திருப்பி மேலே ஏறப் பார்க்காதே. நேராகவே போய் வேகம் குறைந்ததும் ஏறு. “எதையும் படக்குன்னு செய்யாதீங்க. காலும் கையும் மெத்துனு இருக்கணும்” என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்து, “அக்கா மாதிரி ஆளுங்க இதுல சீக்கிரம் பழகிக்குவாங்க” என்றார்.

சும்மா உபசாரத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே ஒரு ஹெல்மெட்டை நீட்டினார். பக்கத்தில் அவர் உட்கார, நான் நாலு சுற்று ஓட்டினேன். 60-க்கு மேல் போகவில்லை. நேர் ரோட்டில் பிரேக், அதை விட்ட பிறகு திருப்பு, கண் அடுத்த இடத்தில், வெளியே வரும்போது மெள்ள ஆக்ஸிலரேட்டர். மூன்றாவது சுற்றில் ஒரு வளைவு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! இந்தப் பையன்கள் இதற்கு ஏன் இப்படி அலைகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. புரிந்ததால் பயம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது இன்னும் கூடத்தான் செய்தது.

பெண்களுக்கு இது சரிப்பட்டு வராது என்பதெல்லாம் வீண் பேச்சு. 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் செய்த காரைத் தம் இரண்டு பிள்ளைகளோடு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போயிருக்கிறார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்ததும், வழியில் செருப்புத் தைப்பவரிடம் அதன் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னாராம்! இத்தாலியின் லெல்லா லொம்பார்டி 1975-ல் ஃபார்முலா ஒன்னில் அரைப் புள்ளி வாங்கினார். பிரான்சின் மிஷேல் மூட்டோன் 1981-ல் உலக ராலியில் ஒரு பந்தயத்தையே வென்றார். சென்னையில் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டியிருக்கிறார்.

இனி மலைப்பாதைக்கு வருவோம். நமக்கு வேண்டியது அதுதானே? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. ட்ராக்கில் படித்ததெல்லாம் அங்கே ஒத்துவரும், ஒன்றைத் தவிர. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்கிற வித்தை மலையில் கூடவே கூடாது; எதிரே பஸ் வரும். நம் இடது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. வளைவுக்கு முன்பே பிரேக், முன்பே கியர், ஹாரன். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் அது காய்ந்து கருகிய வாடை வரும். அதற்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விட வேண்டியதுதான். ‘மணி ஆயிடுச்சு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன் டயரை நீங்களே பாருங்கள். காற்றை வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சூட்டில் அளவு ஏறிக் காட்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் நான்கு எண் பதித்திருக்கும். 3523 என்று இருந்தால் 2023-ம் வருஷம் 35-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். சிறிது மங்கலாகத்தான் இருக்கும்; பருப்பு டப்பாவில் தேதி பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய காரியமா?

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருகிற தாய்மார்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டி இடித்துப் பத்தில் ஒரு பங்கு வினாடியில் நின்றால், எட்டு கிலோ குழந்தையைத் தடுத்துப் பிடிக்க நூறு கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையாலும் முடியாது. குழந்தைக்கென்று தனி இருக்கை விற்கிறது. அதைப் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி, அதில்தான் உட்கார வைக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடத்தான். அழவும் செய்யும், நாலு நாளில் பழகிவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ட்ராக்குக்குப் போகிறேன் என்றால் ‘கூடாது’ என்று ஒரே பிடியாக நிற்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்குமா, ஹெல்மெட் கட்டாயமா என்று கேளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட வைத்து அனுப்பாதீர்கள். வளைவில் புரட்டிக்கொண்டு வரும். இட்லி, வாழைப்பழம், நிறையத் தண்ணீர், உப்புப் போட்ட மோர் போதும். எங்கள் புளிசாதத்தைச் சாயந்திரம்தான் திறந்தோம். நாளின் கடைசி ஓட்டத்தில் இறங்க வேண்டாம் என்று முன்பே பேசி வையுங்கள். களைப்பும் ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்ற ஆசையும் சேருகிற நேரம் அது. எங்கள் பையன் நான் சொல்லாமலே கடைசி ஓட்டத்தை விட்டுவிட்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த வெள்ளைக் காரை டிரக்கில் கட்டுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்ராக்கில் ஓட்டியவர் அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. வேகமாகவே போய்ப் பழகிய கண்ணுக்கு 80 கிலோமீட்டர்கூட நடக்கிற மாதிரித் தோன்றுமாம். அதனால் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். போத்தனூர் தாண்டுவதற்குள் அவன் தூங்கிப்போனான்.